பழிவாங்குகிறவனை இரட்சகர் என்று அழைக்கலாமா?



இவ்வாரச் சிந்தனைக்கு ஒரு துப்பறியும் நாவலை எடுத்துக்கொள்கிறேன். நார்வே நாட்டு எழுத்தாளர் யோ நெஸ்போ 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃப்ரெல்சரன்’ என்னும் நூல் அது. இரட்சகர் என்பதே அத்தலைப்பின் நேர்ப்பொருள். டான் பார்ட்லெட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2009இல் ‘தி ரிடீமர்’ என்ற பெயரில் வந்தது. நம் சபை நூலகத்தில் இருப்பது அந்தப் பிரதி. ஆஸ்லோ நகரக் காவல்துறையின் துப்பறிவாளர் ஹாரி ஹூலேயை நாயகனாகக் கொண்டு 1997 முதல் 2022 வரை வெளிவந்த 13 நாவல்களில் இது ஆறாவது. (ஆங்கிலத்தில் வாசிக்கிறவர்கள் அவரை ‘ஹோல்’ என்கிறார்கள். அவருடைய ஊரில் அவர் ஹூலே.)

இந்நூலைக் குறித்து நம்மிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. இரட்சணிய சேனையைக் கொச்சைப்படுத்தும் புத்தகம் தேவாலய வளாகத்தில் இருக்கலாகாது, அகற்றிவிடுங்கள் என்பது ஒன்று. கதையின் முடிவு அருமையானது, பாவிக்குத் தக்க நீதி கிடைத்தது என்று வாலிபர் சிலர் மகிழ்வது மற்றொன்று. இவ்விரு சாராரோடும் எனக்கு வழக்கு உண்டு. முதலாமவரோடு சிறிய வழக்கு, இரண்டாமவரோடு பெரிய வழக்கு. எதிரெதிர்த் திசையில் நிற்பதாக எண்ணிக்கொள்ளும் இவர்கள் உண்மையில் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள் என்பது என் வாதம். முடிவை வெளிப்படுத்தாமல் இவ்வழக்கை நடத்த இயலாது. நாவலை இனிமேல் வாசிக்க எண்ணியிருப்போர் இக்கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு, வாசித்த பின் திரும்பி வரலாம்.

நார்வே மக்களுக்கும் கொலைக்கதைக்கும் உள்ள உறவு விநோதமானது. 1923ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை, ‘ஆஃப்டன்போஸ்டன்’ நாளிதழின் முதல் பக்கத்தில், பெர்கன் இரயில் இரவில் கொள்ளையிடப்பட்டது என்று ஒரு தலைப்பு வந்தது. அது செய்தியன்று, நூர்டால் க்ரீக், நில்ஸ் லீ என்னும் இரு இளைஞர்கள் புனைபெயரில் எழுதிய நாவலின் விளம்பரம். செய்தியென்றே நம்பிப் பதறியவர்கள் உண்டு. அன்று முதல் உயிர்த்தெழுதல் பண்டிகை விடுமுறையில் துப்பறியும் நாவல் வாசிப்பது அந்நாட்டில் வழக்கமாகிவிட்டது. மலை வீடுகளுக்குச் செல்லும் குடும்பங்கள் நாவல்களைச் சுமந்து செல்கின்றன. பால் பெட்டிகளில்கூட அந்த வாரம் துப்பறியும் புதிர்களை அச்சிடுகிறார்கள். பெரிய வெள்ளியன்று பிலாத்துவின் அரண்மனையை மறந்துவிட்டு வேறொரு கொலை விசாரணையை வாசிக்கும் மக்கள் என்று அவர்களை எள்ளுவது எளிது, நான் எள்ளமாட்டேன். பரிசுத்த வாரத்தில் நாம் வாசிக்கும் பாடுகளின் வரலாறும் குற்றமற்ற ஒருவர் கொல்லப்பட்ட வரலாறுதான். அதில் பொய்ச்சாட்சிகள் உண்டு, கைக்கூலி உண்டு, கை கழுவிய அதிகாரி உண்டு. யார் கொன்றார்கள் என்ற கேள்வியோடு அந்த வாரத்தைக் கழிப்பது அவ்வளவு அந்நியமான காரியமல்ல.

இனிக் கதைக்கு வருவோம். 1991ஆம் ஆண்டு கோடைக்காலம். ஓஸ்ட்கோர் என்னும் இடத்தில் இரட்சணிய சேனையின் முகாம் நடக்கிறது. இரவில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிறாள். செய்தவன் யார் என்பதை ஆசிரியர் மறைத்துவைக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் கழிகின்றன. 2003ஆம் ஆண்டு டிசம்பர், ஆஸ்லோவின் எகர்டோர்கே சதுக்கம், சேனையாரின் கிறிஸ்துமஸ் தெரு இசை. கூட்டத்தின் நடுவே ராபர்ட் கார்ல்சன் என்னும் சேனை ஊழியன் சுட்டுக் கொல்லப்படுகிறான். சுட்டவன் குரோவாசியாவிலிருந்து வந்த கூலிக்கொலையாளி ஸ்டான்கிச். 1991இல் 87 நாட்கள் முற்றுகையிடப்பட்டு அழிந்த வுகோவார் நகரின் பிள்ளை அவன். முற்றுகையின்போது சிறுவனாக இருந்தே பகைவரின் கவச வண்டிகளைத் தகர்த்ததால் ‘சின்ன இரட்சகர்’ என்று அவனுடைய மக்கள் அவனுக்குப் பெயரிட்டார்கள்.

கொல்லப்பட வேண்டியவன் ராபர்ட்டின் சகோதரன் யோன் என்றும், தான் ஆள் மாறிக் கொன்றுவிட்டதாகவும் ஸ்டான்கிச் அறிகிறான். யோனைத் தேடிப் பனி மூடிய நகரெங்கும் அலைகிறான். காவல்துறை யோனைப் பாதுகாக்கிறது. பக்திமான், பொறுப்புள்ளவன், சேனையில் உயர்பதவிக்கு ஏற்றவன் என்று எல்லோராலும் போற்றப்படுகிறவன் யோன். இறுதியில் வெளிப்படுவது என்ன? தன் சகோதரன் பெயரில் சாக்ரெப் நகருக்குச் சென்று, தன்னையே கொல்லும்படி கூலி பேசி, பின்பு அன்றைய மாலைப் பணியைச் சகோதரனோடு மாற்றிக்கொண்டு அவனைச் சாவுக்கு அனுப்பியவன் யோன். முகாமின் அக்கிரமமும் அவனுடையதே. பின்னாளில் அகதிக் குடும்பத்து இளம்பெண் ஒருத்திக்கு நேர்ந்ததும் அவனாலேதான். ஹாரி இதையெல்லாம் அறிந்துகொள்கிறார். ஆனால் அவனைக் கைதுசெய்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. விமான நிலையத்தில் ஸ்டான்கிச் யோனைக் கொல்லப்போகிறான் என்று தெரிந்தும், தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தும், வழிவிட்டு விலகிவிடுகிறார்.

முதல் சாராருக்கு என் பதில் சுருக்கமானது. இரட்சணிய சேனையை நாம் தூரத்திலிருந்து அறிந்தவர்கள் அல்லர். நாகர்கோவிலின் கேத்தரின் பூத் மருத்துவமனையில் பிறந்தவர்களும் பிழைத்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகையால் மனம் நோவது இயல்பே. ஆயினும் நூலை வாசித்துப் பாருங்கள். அச்சேனையை நெஸ்போ கேலிப்பொருளாக்கவில்லை. ஆஸ்லோ மத்திய இரயில் நிலையத்தருகே ‘பிளாட்டா’ என்று அழைக்கப்பட்ட இடத்தில் போதை ஊசிக்காகக் கூடிநின்ற மனிதரையும், அவர்களுக்குச் சூடான காப்பியும் ரொட்டியும் கொடுக்கும் ‘ஃபீர்லீசெத்’ விடுதியையும், அங்கே முகஞ்சுளிக்காமல் பணிசெய்யும் சேனைப் பெண்ணையும் அவர் எழுதும் பக்கங்களில் மெய்யான மரியாதை இருக்கிறது. 1865இல் லண்டனில் வில்லியம் பூத் தொடங்கிய ஊழியம் இன்றும் எதற்காக நிற்கிறது என்பதை நம் பிரசங்கங்கள் பலவற்றைக் காட்டிலும் அவை நன்றாகக் காட்டுகின்றன. கதை கற்பனை, நார்வே சேனையின்மீது சாட்டப்பட்ட குற்றமல்ல அது.

ஆனால் உங்கள் மனம் நோவதற்கான உண்மைக் காரணம் வேறு. சீருடைக்குள், ஜெபத்துக்குள், முகாமுக்குள் இவ்வக்கிரமம் நடந்ததாக எழுதிவிட்டாரே என்பதுதானே? வேதாகமமும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஏலியின் குமாரர் ஆசாரிப்புக் கூடாரத்தின் வாசலில் பணிவிடை செய்த பெண்களுக்குச் செய்ததை 1 சாமுவேல் 2ஆம் அதிகாரம் மறைக்கவில்லை. ஆசாரியரின் மானம் போகுமே என்று அந்த அதிகாரத்தை யாரும் கிழித்துப்போடவுமில்லை. பரிசுத்த இடத்தின் பெயரைக் காப்பாற்றும்பொருட்டுப் பரிசுத்தமற்றதைப் பேசாதிருப்பது ஏலியின் வழி. அவ்வழி எங்கே போய் முடிந்தது என்பதை 4ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம்.

இரண்டாம் சாராரோடு நிதானமாகப் பேசவேண்டும். அவர்களுடைய மகிழ்ச்சிக்கு நாவலின் தலைப்பே துணை நிற்கிறது. ஆசிரியர் ஏசாயா 63ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை நூலின் முகப்பில் வைத்திருக்கிறார். ஏதோமிலிருந்து சிவந்த வஸ்திரத்தோடு வருகிற ஒருவரைக் கண்டு காவற்காரன் யார் என்று வினவும் பகுதி அது. அவர் இரட்சிக்க வல்லவர்; அவருடைய ஆடையில் தெறித்திருப்பதோ பகைவரின் இரத்தம். பழிவாங்கும் நாளும் மீட்பின் வருஷமும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. நெஸ்போ சும்மா எடுத்தாளவில்லை. சரியான நரம்பைத் தொட்டிருக்கிறார்.

ஏனென்றால் எபிரெய மொழியில் மீட்பரையும் பழிவாங்குகிறவனையும் குறிப்பது ஒரே சொல். ‘கோயேல்’ என்பது அச்சொல். நம் தமிழ் வேதாகமத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் அதை இடத்துக்கேற்ப மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். யோபு 19இல் தன் வழக்கைப் பேச உயிரோடிருக்கிறவராக யோபு நம்பியது மீட்பரை. ரூத்தின் புத்தகத்தில் போவாஸ் சுதந்தரவாளி. எண்ணாகமம் 35இல் சிந்தப்பட்ட இரத்தத்துக்காகக் கொலையாளியைத் துரத்துகிறவன் பழிவாங்குகிறவன். மூவரும் கோயேல்தான். விழுந்துபோன உறவினனுக்காக எழுந்து நிற்கக் கடமைப்பட்ட நெருங்கிய இனத்தான் என்பது அதன் அடிப்படைப் பொருள். நிலத்தை இழந்தவனுக்கு நிலத்தை மீட்பான். அடிமையாய் விற்கப்பட்டவனை விலைகொடுத்து விடுவிப்பான். கொல்லப்பட்டவனுக்காகக் கொலையாளியைத் தேடிப் போவான்.

ஆக, ஸ்டான்கிச்சைப் போன்ற ஒருவனை இரட்சகர் என்று அழைப்பது அறியாமையால் வந்த சொற்பிழை என்று நாம் எளிதாய்த் தள்ளிவிட முடியாது. நாவலை ரசித்த வாலிபர் வேதத்தை அறிந்திருந்தால் என்னை இங்கே மடக்கியிருக்கலாம். எழுதப்பட்டிருப்பதைத்தானே நெஸ்போவும் எழுதுகிறார் என்று கேட்டிருக்கலாம்.

என் விடை அதே எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பழிவாங்குகிறவனுடைய உரிமையைப் பேசும் அவ்வதிகாரம் அவனுக்கு வேலி போடும் அதிகாரமும் கூட. ஆறு அடைக்கலப்பட்டணங்கள். துரத்தப்படுகிறவன் அங்கே ஓடிப்போகலாம். கொலைசெய்தவனுக்கும் பழிவாங்குகிறவனுக்கும் நடுவே நின்று நியாயம் விசாரிக்கவேண்டியது சபை. ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு ஒருவனையும் சாகக்கொடுக்கலாகாது. இதனால் நியாயப்பிரமாணம் மிருதுவானது என்று எண்ணவேண்டாம். மனதறியக் கொன்றவனுக்காக எந்த மீட்கும் பொருளையும் வாங்கக்கூடாது என்று அதே அதிகாரம் கண்டிப்பாய்ச் சொல்கிறது. குற்றவாளி தப்பிப் போகக்கூடாது. ஆனால் அவன் சபைமுன் நிற்கவேண்டும். நடந்தது என்ன என்பது ஊரறியச் சொல்லப்படவேண்டும்.

நாவலின் முடிவில் சபை எங்கே? விமான நிலையத்தில் மூன்று ஆண்கள் இருக்கிறார்கள். ஒருவன் கொல்கிறான், ஒருவன் சாகிறான், ஒருவர் விலகிப் போகிறார். நடந்தவற்றை அறிந்த மூவரில் ஒருவனுடைய வாய் என்றைக்குமாக மூடப்பட்டது, ஒருவன் ஓடிப்போனவன், மூன்றாமவர் தம் பங்கை மறைத்தாகவேண்டும். இறந்தவன்மீது வழக்கு நடவாது. 1991இல் முகாமில் நடந்தது எந்த நீதிமன்றத்திலும் எழுந்து ஒலிக்கப்போவதில்லை. அச்சிறுமி, இப்போது வளர்ந்த பெண், எனக்கு இது செய்யப்பட்டது, செய்தவன் இவன் என்று எழுந்துநின்று சொல்லும் நாள் வராது. அவள் சொல்ல விரும்புகிறாளா என்று யாரும் அவளைக் கேட்கவுமில்லை. அவளுடைய வழக்கை அவளில்லாமலே முடித்துவிட்டார்கள்.

இதைத்தான் நீதி என்கிறீர்களா?

2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாடங்களில் நாம் தாண்டிப் போகும் அதிகாரம் அது. தாவீதின் குமாரத்தி தாமாரை அவளுடைய சகோதரன் அம்னோன் கெடுத்தான். அவள் வேண்டாமென்று சொன்னாள். இஸ்ரவேலில் இப்படிச் செய்யத்தகாது என்று வாதாடினாள். பின்பு தன் தலையின்மேல் சாம்பலைப் போட்டு, பலவர்ண வஸ்திரத்தைக் கிழித்து, சத்தமிட்டுக்கொண்டு தெருவில் போனாள். அவளுடைய வாய் மூடியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மூடியது யார்? அவளுக்காக எழுந்து நிற்கக் கடமைப்பட்ட நெருங்கிய இனத்தானாகிய அப்சலோம்தான். அவன் உன் சகோதரன், இதை மனதில் வைக்காதே, பேசாதிரு என்றான். தாவீது கேள்விப்பட்டுக் கோபங்கொண்டார். கோபத்துக்குமேல் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பின் ஆட்டுமயிர் கத்தரிக்கும் விருந்தில் அப்சலோம் தன் வேலைக்காரரைக் கொண்டு அம்னோனைக் கொன்றான்.

பேசாதிரு என்று சொன்ன வாயும், கொல்லுங்கள் என்று கட்டளையிட்ட வாயும் ஒன்றே. மரித்தது அம்னோன்தான்; தாமாருக்கு அதனால் என்ன வந்தது? அவள் தன் சகோதரனாகிய அப்சலோமின் வீட்டில் தனித்திருந்தாள் என்பதுதான் அவளைக் குறித்து எழுதப்பட்ட கடைசிச் செய்தி. பின்னாளில் அப்சலோம் தன் மகளுக்குத் தாமார் என்று பெயரிட்டான். பெயரை நினைவில் வைத்திருந்தான். அவளுடைய சொல்லை வெளியே விடவில்லை.

நம்முடைய இரு சாராரையும் இங்கே ஒரே வீட்டில் காண்கிறேன். புத்தகத்தை அகற்றுங்கள் என்கிறவர் அப்சலோமின் முதல் வார்த்தையைப் பேசுகிறார். கொன்றது சரியே என்கிறவர் அவனுடைய இரண்டாம் வார்த்தையைப் பேசுகிறார். இரண்டினாலும் தாமார் பேசாமற்போகிறாள். ஹாரி ஹூலே துணிச்சலானவர், சபைப் பெரியவர்களைப்போல் மூடிமறைக்கிறவர் அல்லர் என்று வாலிபர் எண்ணுகிறார்கள். அவர் செய்ததும் மூடிமறைத்தலே. காகிதத்தால் மூடாமல் பிணத்தால் மூடினார்.

இது நெஸ்போ ஒருவரின் பழக்கமன்று. அதே 2005ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஸ்டீக் லார்சனின் ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’ வெளிவந்தது. ‘டிராகன் பச்சை குத்திய பெண்’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பால் உலகறிந்த நாவல். அதிலும் லேவியராகமத்தின் வசன எண்கள் கொலைகளின் குறிப்பாக வருகின்றன. பல ஆண்டுகளாகப் பெண்களைக் கொன்றவன் ஒரு செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவன். அவன் சாலை விபத்தில் சாகிறான். பிறகு என்ன நடக்கிறது? உண்மையை வெளியிடுவதையே தொழிலாகக் கொண்ட பத்திரிகையாளர் அக்குடும்பத்தின் வேண்டுகோளுக்கிணங்க எழுதாமல் விட்டுவிடுகிறார். அடைக்கல இல்லங்களுக்கு நன்கொடை என்று ஓர் ஈடு பேசப்படுகிறது. சமூகத்தின் மறைவுகளை உரித்துக் காட்டுகிறோம் என்பதே இவ்வடதேச நாவல்களின் பெருமை. 1965 முதல் 1975 வரை பத்து நாவல்களால் இம்மரபுக்கு அடித்தளமிட்ட மாய் ஷோவாலும் பேர் வாலூவும் தங்கள் வரிசை முழுவதற்கும் ‘ஒரு குற்றத்தைப் பற்றிய நாவல்’ என்ற பொதுப்பெயரை அந்த நோக்கத்தோடுதான் வைத்தார்கள். அவர்கள் கருதிய குற்றவாளி சமூகமே. அம்மரபின் புகழ்பெற்ற பிற்கால நூல்கள் இரண்டும், உரித்ததையெல்லாம் உரித்துவிட்டுக் கடைசியில் கதவைச் சாத்திவிட்டுப் போகின்றன.

தொடர்நாவல் என்னும் வடிவத்துக்கே இதில் ஒரு பங்கு உண்டு என்று எண்ணுகிறேன். ஹாரி ஒவ்வொரு நூலிலும் குடியை விடுகிறார், மீண்டும் விழுகிறார். ஒவ்வொரு நூலிலும் சட்டத்தைத் தாண்டுகிறார், அதற்காக வாடுகிறார். அவருடைய பாவம் ஒருநாளும் வெளிச்சத்துக்கு வந்து தீரக்கூடாது. தீர்ந்தால் அடுத்த நூலுக்கு ஹாரி இல்லை. மனந்திரும்புதல் நிகழாதபடி பார்த்துக்கொள்வது பதிப்பகத்தாருக்கு அவசியமாகிறது. வாசகராகிய நாமும் அவர் குணமாகிவிடக்கூடாது என்றே உள்ளூர விரும்புகிறோம். (நானும் அவ்வரிசையில் சில நூல்களை ஒரே இரவில் வாசித்தவன்தான், அவருடைய எழுத்தின் வேகத்தை யாரும் மறுக்க முடியாது.)

நாவலைவிட நார்வே நாடு மேலானது என்பதையும் சொல்லவேண்டும். அந்நாட்டில் சமாதான காலத்தின் கடைசி மரண தண்டனை 1876இல் நிறைவேறியது. 2011ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் ஒரே மனிதன் ஆஸ்லோவில் குண்டுவைத்தும், ஊட்டோயா தீவின் இளைஞர் முகாமில் சுட்டும் 77 பேரைக் கொன்றான். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பதின்வயதினர். ஹாரி ஹூலேயின் கதையாக இருந்தால் அவன் தீவிலேயே மடிந்திருப்பான். வாசகர் பெருமூச்சு விட்டிருப்பர். நடந்ததோ வேறு. அவன் உயிரோடு பிடிபட்டான். 2012 ஏப்ரல் 16 முதல் ஜூன் வரை ஆஸ்லோ நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. கொல்லப்பட்ட ஒவ்வொருவரின் உடற்கூறு அறிக்கையும் வாசிக்கப்பட்டது. அதனோடு ஒவ்வொருவருடைய படமும் காட்டப்பட்டு, அவர் யார், எதை நேசித்தார், எப்படி வாழ்ந்தார் என்று சில வார்த்தைகள் சொல்லப்பட்டன. 77 பேருக்கும் அப்படியே. உயிர்தப்பிய இளைஞர் வந்து நின்று, கண்டதைச் சொன்னார்கள். ஆகஸ்ட் 24ஆம் நாள் தீர்ப்பு வந்தது: 21 ஆண்டுச் சிறைக்காவல், ஆபத்தானவனாக நீடித்தால் அதற்குமேலும் நீட்டிக்கத்தக்கது. இருபத்தோராண்டுதானா என்று உலகின் பல பாகங்களிலிருந்தும் ஏளனம் எழுந்தது. அந்த ஏளனத்தில் நான் சேரமாட்டேன். தண்டனையின் அளவைப்பற்றி வாதிடலாம். ஆனால் இறந்த பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக நீதிமன்றத்தில் உச்சரிக்கப்பட்டதற்கு ஈடான ஒன்றை எந்தப் பழிவாங்குகிறவனாலும் கொடுத்திருக்க முடியாது. அப்பெற்றோர் அமர்ந்து கேட்கும்படி ஒரு சபை கூடியது.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்று அறிவேன். நீதிமன்றம் தவறிவிட்டால் என்ன செய்வது, ஏழைப் பெண்ணின் வழக்கு எத்தனை வருஷம் இழுக்கும், சாட்சிகளை விலைக்கு வாங்கமாட்டார்களா என்று கேட்பீர்கள். வாங்குவார்கள், இழுக்கும், தவறும். கோபங்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை. சங்கீதம் 109ஐயும் 137ஐயும் வாசித்தால், பாதிக்கப்பட்டவரின் கோபத்துக்கு வேதம் எவ்வளவு இடங்கொடுக்கிறது என்று கண்டு திடுக்கிடுவீர்கள். ஆனால் அச்சங்கீதங்கள் உரக்கச் சொல்லப்பட்டவை. தேவனுக்குமுன் சபையில் பாடப்பட்டவை. ரோமர் 12இல் பவுல் பழியைக் கர்த்தருடைய கையில் விடச்சொல்வதும், குற்றத்தைப் பேசாமல் விடுங்கள் என்ற பொருளில் அல்ல. அடுத்த அதிகாரத்திலேயே அதிகாரத்தின் பட்டயத்தைப் பற்றி அவர் எழுதுகிறார்.

இன்னொரு பக்கத்தாரையும் விட்டுவைக்கக் கூடாது. மன்னிப்பு என்ற வார்த்தையைக் கொண்டு இதே வேலையைச் செய்யும் போதகர்கள் உண்டு. பாதிக்கப்பட்ட பிள்ளையை உட்காரவைத்து, மன்னித்துவிடு, ஜெபித்துவிட்டு மறந்துவிடு என்று அவசரப்படுத்துகிறார்கள். இவர்கள் அப்சலோமைப்போல் கொல்லமாட்டார்கள்தான். அவனுடைய முதல் வார்த்தையைப் பக்தி மொழியில் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மன்னிப்பு என்பது சொல்லப்பட்ட குற்றத்துக்குத்தான் உண்டு. சொல்லவிடாமல் கேட்கும் மன்னிப்பு, கெடுத்தவனுக்குச் செய்யும் இரண்டாம் உதவி. நெஸ்போவின் நாவலைக் கையில் எடுத்த வாலிபர் ஹாரியின் பக்கம் சாய்வதற்கு இப்படிப்பட்ட போதகர்களும் காரணர் என்றே எண்ணுகிறேன். திருச்சபை செவிகொடுக்காத இடத்தில்தான் கூலிக்கொலையாளிக்கு இரட்சகர் என்னும் பெயர் கிடைக்கிறது.

வெளிப்படுத்தின விசேஷம் 19இல் ஏசாயாவின் அந்தச் சிவந்த வஸ்திரம் திரும்ப வருகிறது. வெள்ளைக் குதிரையின்மேல் வருகிறவர் இரத்தத்தில் தோய்ந்த வஸ்திரத்தைத் தரித்திருக்கிறார். ஆனால் யுத்தம் இன்னும் தொடங்கவேயில்லை. அப்படியானால் அது யாருடைய இரத்தம்? பகைவருடையதாயிருக்க முடியாது, அவருடைய சொந்த இரத்தமே என்று வியாக்கியானிகள் பலர் வாசிக்கிறார்கள். நானும் அவ்வாறே வாசிக்கிறேன். அவர் யுத்தம்பண்ணும் பட்டயமும் அவருடைய வாயிலிருந்து புறப்படுகிறது. வாயிலிருந்து, கையிலிருந்து அல்ல. நெஸ்போ ஏசாயாவோடு நிறுத்திக்கொண்டார். அவர் நாவலாசிரியர், அது அவருடைய உரிமை. அதற்கு மேலும் வாசிக்கக் கடமைப்பட்டவர்கள் நாம்.

நடைமுறைக் காரியங்கள் இரண்டு. நாவல் நூலகத்திலேயே இருக்கும். வயதில் மூத்தவர்கள் எடுத்து வாசிக்கலாம், சிறுவர் அலமாரியில் வையாதிருக்கும்படி நூலகப் பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன். மற்றொன்று, வரும் கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியையும் வாலிபர் முகாமையும் பற்றியது. பிள்ளைகளோடு இரவு தங்கும் எவரும் தனித்திருக்கலாகாது. எப்போதும் பெரியவர் இருவர் இருக்கவேண்டும். ஏதேனும் ஒரு பிள்ளை ஏதேனும் ஒன்றைச் சொன்னால், அது சபைக் குழுவில் பேசித் தீர்க்கும் காரியமல்ல. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும், தெரிவியாதிருப்பது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம், போதகருக்கும் விலக்கில்லை. பிள்ளைகளுக்கான 1098 உதவி எண்ணை முகாமின் ஒவ்வோர் அறையிலும், பிள்ளைகளின் கண்மட்டத்தில், ஒட்டும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன்.

அடுத்த வாரம் ரூத்தின் புத்தகம் 4ஆம் அதிகாரத்தை வாசித்து வாருங்கள். போவாஸ் என்னும் சுதந்தரவாளி அங்கே தன் கடமையை முடிக்கும் இடம் பட்டணத்தின் ஒலிமுகவாசல். பத்து மூப்பர்களை அழைத்து உட்காரவைத்த பின்பே அவன் பேசத் தொடங்குகிறான்.